தறி பார்க்க இங்கிலாந்து வருபவர்களுக்குப் பர்ன்லி

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வருவதாகவும், சென்னிமலைப் பக்கம் மூன்று தலைமுறையாகத் தறி நெய்த குடும்பம் உங்களுடையது என்றும், 68 வயதாகும் உங்கள் அம்மாவும் உடன் வருகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பருத்தி ஆலைகளால் பெயர்பெற்ற இங்கிலாந்து ஊர் ஒன்றை இரண்டு நாளில் நிதானமாகப் பார்க்க வேண்டும், அந்த ஊரின் கதையும் தெரிய வேண்டும், அக்கம்பக்கத்தில் பார்க்கத்தக்கவை எவை என்பதும் தெரிய வேண்டும் என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாக லங்காஷயரில் குடியிருப்பவன் என்ற முறையில் தயக்கமின்றி ஒரே ஊரைச் சொல்வேன். அது மான்செஸ்டருக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், மலைகளுக்கு நடுவே உள்ள பர்ன்லி.

மான்செஸ்டரையே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லி, துணியெல்லாம் மான்செஸ்டரில்தான் நெய்யப்பட்டது என்ற எண்ணம் நமக்குள் பதிந்துவிட்டது. உண்மையில் மான்செஸ்டர் பெரும்பாலும் சந்தையாகவே இருந்தது. அங்குள்ள ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில்தான் நூலும் துணியும் விலை பேசப்பட்டன. இன்று அது நாடக அரங்கு. ஆனாலும் 1968-இல் வணிகம் நின்ற கடைசி நாளின் விலைப்பட்டியல் அதன் சுவரில் உயரே அப்படியே இருக்கிறது. நூற்பு ஓல்டம், போல்டன் போன்ற தெற்கு ஊர்களில் நிலைகொண்டது. நெசவு வடகிழக்குப் பள்ளத்தாக்குகளில் இருந்த பிளாக்பர்ன், பர்ன்லி, நெல்சன், கோல்ன் ஆகிய ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம் என்பதால், நீங்கள் பார்க்க வேண்டியது தறி ஓடிய ஊரைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே முதன்மையானது. நீராவி எஞ்சின் ஓட்டும் தறிக்கூடம் ஒன்று, தறிகளும் எஞ்சினும் இருந்த இடத்திலேயே இருக்க, உலகிலேயே எஞ்சியிருப்பது பர்ன்லியில்தான். ஹார்ல் சைக் என்ற பகுதியில் இருக்கும் குயின் ஸ்ட்ரீட் மில் அது. நகர மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. பேருந்தும் உண்டு, அம்மாவுடன் வருவதால் டாக்சி வசதியாக இருக்கும். ஊருக்கு வந்ததும் முதலில் அங்கே போய்விடுங்கள். அதைப் பார்த்த பிறகு ஊரின் மற்ற இடங்கள் தாமாகவே பொருள்படும்.

1894-95-இல் கட்டப்பட்ட ஆலை இது. பெரிய முதலாளி ஒருவர் கட்டியது அன்று. அந்த வட்டாரத்து மக்களே பங்கு போட்டு நிறுவனம் தொடங்கிக் கட்டினார்கள், அங்கே நெய்தவர்களில் பலர் பங்குதாரர்களாகவும் இருந்தார்கள். ஆலையை ஓட்டிய எஞ்சின் 500 குதிரைத்திறன் கொண்டது. பக்கத்து ஊரான நெல்சனில் செய்யப்பட்டது. முதலில் அதற்கு ‘புரூடன்ஸ்’, அதாவது விவேகம், என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது ‘பீஸ்’, அமைதி, என்று மாற்றினார்கள். எஞ்சினுக்கு அப்படியொரு பெயர் சூட்டத் தோன்றியதென்றால், அந்தச் சிற்றூர் போரில் எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். 1982-இல் உற்பத்தி நின்றது, பிறகு அருங்காட்சியகமானது. 2016-இல் மாவட்ட நிர்வாகத்தின் நிதி நெருக்கடியால் மூடப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்தது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை, அதுவும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். நீராவி எஞ்சினை ஓட்டிக்காட்டும் நாட்கள் அவற்றிலும் குறைவு.

உள்ளே நுழைந்ததும் ரம்பப் பல் போன்ற கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக முந்நூறுக்கும் மேற்பட்ட தறிகள் நிற்பதைக் காண்பீர்கள். கூரையில் கண்ணாடி பதித்த பக்கமெல்லாம் வடக்கே பார்த்திருக்கும். நேர் வெயில் விழாமல், நிழல் ஆடாமல், நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் நூல்மேல் விழ வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். தறிக்கூடம் ஒற்றைத் தளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் அதிர்வை மாடிக் கட்டடம் எளிதில் தாங்காது. தரையோடு தரையாக இருந்தால் ஈரப்பதமும் நிற்கும், பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுவது குறையும். நம் நெசவாளர்கள் தறிக்குழிக்குப் பக்கத்தில் மண்தரையை ஈரமாக வைத்துக்கொள்வதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். எஞ்சினின் விசை தலைக்கு மேலே ஓடும் நீண்ட இரும்புத் தண்டுகளுக்குப் போய், அங்கிருந்து தோல் பெல்ட் வழியாக ஒவ்வொரு தறிக்கும் இறங்குகிறது.

பெயர்ப்பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு அவை தேவைப்படாது. பாவு சுற்றிய உருளை பின்னால், துணி சுற்றும் உருளை முன்னால், நடுவே விழுது, அச்சுப்பலகை, அதன் இரு முனையிலும், குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா என்ற மரக்கருவி போய் விழும் பெட்டி: எல்லாம் அவருக்குத் தெரிந்தவையே. மிதிப்பலகைக்குப் பதிலாகச் சக்கரமும், கைக்குப் பதிலாக நாடாவை அடித்துத் தள்ளும் ஒரு மரத்தண்டும் இருக்கின்றன, அவ்வளவுதான். ‘லங்காஷயர் தறி’ என்று பெயர்பெற்ற இதை 1842-இல் பிளாக்பர்னில் கென்வர்தி, புல்லோ என்ற இருவர் செம்மைப்படுத்தினார்கள். ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால் தறி தானே நின்றுவிடும் ஏற்பாட்டையும், துணியின் அகலம் சுருங்காமல் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் உருளையையும் அவர்கள் சேர்த்த பிறகுதான் ஒரே நெசவாளர் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஒருவருக்கு நான்கு தறி என்பது இந்த ஊரின் வழக்கமாயிற்று.

பணியாளர் ஒரு தறியை ஓட்டிக் காட்டுவார். நாடா நிமிடத்துக்கு ஏறக்குறைய இருநூறு முறை குறுக்கே பாயும். ஒரே ஒரு தறியின் சத்தத்திலேயே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான்கைந்து ஓடினால் நெஞ்சுக்கூடு அதிர்வது தெரியும். முந்நூறும் ஆயிரமும் ஓடிய காலத்தில் இங்கே நெய்தவர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள். உதட்டை மிகையாக அசைத்துப் பேசும் அந்த முறைக்கு ‘மீ-மா’ என்று பெயர். ஆலையைவிட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காதும் பலருக்கு முன்போல இருக்கவில்லை.

நாடாவை ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள், கேட்டால் தருவார்கள். கடினமான மரம், இருமுனையிலும் கூரான இரும்பு, வயிற்றில் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சி படுக்கும் குழி, பக்கவாட்டில் பீங்கான் பதித்த சிறு துளை. தார் தீர்ந்து புதியது போடும்போது நூல்முனையை அந்தத் துளை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு விரைவான வழி, துளையில் வாயை வைத்து உறிஞ்சுவது. நான்கு தறியிலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருந்ததால், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை வாயில் பஞ்சுத்தூசி போயிற்று. ஒரே நாடாவைப் பலர் பயன்படுத்தியதால் நோயும் பரவியது, முன்பற்களும் கெட்டன. இந்தப் பழக்கத்துக்கு ‘நாடாவை முத்தமிடுதல்’ என்று இங்கே பெயர். 1952-இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பலர் வாய்பட்டு மழுங்கிய பழைய நாடாத் துளை ஒன்றை முதன்முறை தொட்டபோது எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை.

இனி ஊரின் வரலாற்றுக்கு வருகிறேன். பிரன், கால்டர் என்ற இரண்டு சிற்றாறுகள் கூடும் இடம் பர்ன்லி. முதலாவதின் பெயரே ஊருக்கும் வந்தது. 1801-இல் இங்கே சுமார் 4,000 பேர் இருந்தார்கள், 1911-இல் 1,06,000 பேர். இந்த வளர்ச்சிக்குக் காரணம் மூன்று. காலடியிலேயே நிலக்கரி இருந்தது, மலையிலிருந்து மென்மையான நீர் வந்தது, லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய் ஊரைத் துளைத்துக்கொண்டு போயிற்று. 1770-இல் வெட்டத் தொடங்கி 1816-இல் முடிந்த அந்தக் கால்வாயின் நீளம் 204 கிலோமீட்டர். அது பர்ன்லி வழியாகச் சென்றதால், லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கும் பஞ்சுக்கும் இங்கே நெய்த துணிக்கும் நேர்வழி கிடைத்தது. ஆனால் ஆலைகள் கால்வாயின் கரையை ஒட்டியே முளைத்ததற்குப் போக்குவரத்தைவிட அதன் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் கருத்து. நீராவி எஞ்சினில் வேலை முடித்த நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க நிறையக் குளிர்நீர் வேண்டும். கால்வாயிலிருந்து எடுத்து, சூடான நீரைக் கால்வாயிலேயே விட்டார்கள்.

1900-களின் தொடக்கத்தில் இந்த ஒரே ஊரில் ஏறக்குறைய 1 லட்சம் தறிகள் ஓடின. உலகில் எந்த ஊரும் இவ்வளவு பருத்தித் துணி நெய்யவில்லை என்று பர்ன்லிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே நெய்தது பகட்டான துணி அன்று. சாயமோ அச்சோ ஏறாத சாதாரணத் துணிதான், ஈரோட்டுச் சந்தையில் நாம் காடா என்கிறோமே, அதுவே. அச்சிடுவதற்காக அது வேறு ஊர்களுக்கும் வேறு நாடுகளுக்கும் போயிற்று. இன்னொரு சிறப்பு, ஊரில் பெருமுதலாளிகளைவிடச் சிறு உற்பத்தியாளர்களே மிகுதி. ஒரு நிறுவனம் தறிக்கூடத்தைக் கட்டி எஞ்சினையும் வைக்கும். இருபது, நாற்பது தறி வைத்திருப்பவர்கள் அதில் இடத்தையும் விசையையும் வாடகைக்கு எடுத்து நெய்வார்கள். நேற்றுவரை மேஸ்திரியாக இருந்தவர் கொஞ்சம் கடன் வாங்கி முதலாளியாக முடிந்தது. விலை சரிந்தால் அடுத்த ஆண்டே மீண்டும் கூலிக்குப் போகவும் நேர்ந்தது.

நெய்தவர்களில் பெண்கள் பெரும்பங்கு. நெய்த அளவுக்கேற்பத் தரும் துண்டுக் கூலி என்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். அன்றைய இங்கிலாந்தில் இது மிக அரிது. கையில் சொந்தக் காசு இருந்த இந்தப் பெண்களிடமிருந்துதான் வாக்குரிமைப் போராட்டத்தின் உழைக்கும் வர்க்கக் குரல் எழுந்தது. நெல்சனில் வாழ்ந்த செலினா கூப்பர் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். 1901-இல் லங்காஷயர் பருத்தித் தொழிலாளிப் பெண்கள் 29,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனபோது, வாயில்தோறும் நின்று கையெழுத்து வாங்கியவர்களில் அவரும் ஒருவர். சிறுவர்களின் நிலைமையை நினைத்தால் மனம் கனக்கும். அரைநாள் பள்ளி, அரைநாள் ஆலை என்ற முறை இங்கே முதல் உலகப் போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது.

நெசவுக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு, இந்த ஊரைப் பார்க்கும்போது மனத்தில் ஒரு கசப்பு எழக்கூடும். ‘சீமைத் துணி வந்துதான் நம் தறி நின்றது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் பொய்யில்லை. 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இந்தியா வாங்கியது. ஆனால் விசைத்தறி முதலில் பட்டினி போட்டது இந்த மலைகளின் கைத்தறிக்காரர்களைத்தான் என்பதை இங்கு வந்த பிறகே நான் அறிந்தேன். 1826 ஏப்ரலில், கூலி வீழ்ந்து பசியால் வாடிய கைத்தறி நெசவாளர்கள் இந்த வட்டாரத்து ஆலைகளுக்குள் புகுந்து நான்கு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். சாட்டர்டன் என்ற இடத்தில் படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே, கிளர்ச்சிகளை அடக்குவதற்கென்று 1820 வாக்கில் பர்ன்லியில் படைமுகாம் கட்டியிருந்தார்கள். படைமுகாம் போய்விட்டது, ‘பர்ன்லி பாரக்ஸ்’ என்ற ரயில் நிலையம் அதன் பெயரைத் தாங்கி இன்றும் இருக்கிறது.

நம் பக்கத்துப் பஞ்சும் இந்தக் கதையில் வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் முழுவதும் ஆலைகள் மூடிக் கிடந்தன. கஞ்சித்தொட்டிகளில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது பம்பாய்த் துறையிலிருந்து ‘சூரத்’ பஞ்சும், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிப் பஞ்சும் லிவர்பூலுக்கு நிறைய வந்தன. இழை குட்டையாக இருந்ததால் சூரத் பஞ்சு நூல் ஓயாமல் அறுந்தது. துண்டுக் கூலிக்காரர்களுக்கு அறுந்த நூல் என்றால் குறைந்த கூலி. ‘ஆண்டவரே, பஞ்சு தாரும், சூரத் பஞ்சு மட்டும் வேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே வழங்குகிறது. நூலுக்கு வலுவூட்டப் பாவில் கஞ்சியோடு சீனக் களிமண்ணையும் ஏற்றத் தொடங்கினார்கள். எடை கூடுகிறது என்று கண்ட சிலர் அதையே வழக்கமாக்க, கப்பலில் போன துணி பூஞ்சணம் பிடித்து இறங்குவதாக இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் புகார் வந்தது.

வீழ்ச்சி முதல் உலகப் போருடன் தொடங்கியது. இந்திய ஆலைகளும் ஜப்பானும் சந்தையைப் பிடித்தன, சுதேசி இயக்கமும் சேர்ந்துகொண்டது. 1931-இல் ஒரு நெசவாளர் நான்குக்குப் பதில் ஆறு, எட்டுத் தறி பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் சொன்னதால் பர்ன்லியில் பெரும் தகராறு மூண்டு, கதவடைப்பும் அடுத்த ஆண்டு வேலைநிறுத்தமுமாக நீண்டது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. எஞ்சியவற்றின் இரவு ஷிப்டுக்கு 1950-களிலும் 60-களிலும் பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரின் ஒரு பகுதி. நிலக்கரியும் போயிற்று. 1962 மார்ச் 22 அன்று ஹாப்டன் வேலி சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 19 பேர் இறந்தார்கள், அவர்களில் சிலர் பதின்வயதுப் பையன்கள். அந்தச் சுரங்கமும் 1982-இல் மூடப்பட்டது, குயின் ஸ்ட்ரீட் மில் நின்ற அதே ஆண்டு.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்திலிருந்து பர்ன்லி மான்செஸ்டர் ரோடு நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதற்கான இணைப்புத் தடம் பல பத்தாண்டுகள் இல்லாமல் இருந்து 2015-இல்தான் மீண்டும் வந்தது. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ‘வீவர்ஸ் டிரையாங்கிள்’ தொடங்குகிறது. கால்வாயின் இருகரையிலும் ஆலைகள், கிடங்குகள், புகைபோக்கிகள், தொழிலாளர் வீடுகள் ஒன்றாகப் பிழைத்திருக்கும் பகுதி அது. பழைய சுங்கச் சாவடி வீட்டில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு காட்சியகம் இருக்கிறது. கிடங்கின் தலையில் குடியிருப்புகளை ஏற்றிக் கட்டிய ஸ்லேட்டர் டெரஸைத் தவறவிடாதீர்கள்; கீழே துணிப்பொதி, மேலே குடும்பங்கள். பழைய ஆலைகள் சிலவற்றில் இப்போது பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கிறார்கள்.

அங்கிருந்து கால்வாய்க் கரையோடு கிழக்கே நடந்தால் ‘ஸ்ட்ரெய்ட் மைல்’ வரும். பெயரில் மைல் இருந்தாலும் நீளம் சுமார் 1.1 கிலோமீட்டர்தான். 1796-க்கும் 1801-க்கும் இடையில், ஆற்றுப் பள்ளத்தின் குறுக்கே பதினெட்டு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிக் கரை கட்டி, அதன் உச்சியில் கால்வாயைக் கொண்டு போயிருக்கிறார்கள். மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரை இவற்றைத் தவிர வேறு கருவி இல்லாத காலம். கரைமேல் நின்றால் கூரைகள் காலுக்குக் கீழே தெரியும், படகு உங்கள் மட்டத்தில் போகும். நடைபாதை சமதளமானது, அம்மாவால் எளிதாக நடக்க முடியும். அந்தக் கரையிலிருந்து டர்ஃப் மூர் கால்பந்து மைதானமும் தெரியும். 1882-இல் தோன்றிய பர்ன்லி அணி 1883 முதல் அங்கேயே ஆடுகிறது. 1888-இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு அணிகளில் அதுவும் ஒன்று. இவ்வளவு சிறிய ஊரின் அணி 1921-லும் 1960-லும் நாட்டின் சாம்பியன் ஆனது.

மைதானத்தைத் தாண்டினால் டவுன்லி மாளிகையும் அதன் பரந்த பூங்காவும். டவுன்லி குடும்பம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இந்த வீட்டை 1901-இல் நகராட்சி 17,500 பவுண்டுக்கு வாங்கி அருங்காட்சியகமாக்கியது. ஓவியங்களில் சார்லஸ் டவுன்லி தன் சிலைத்தொகுப்பின் நடுவே அமர்ந்திருக்கும் சோஃபனியின் ஓவியம் புகழ்பெற்றது. அவர் சேர்த்த சிலைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது இந்த வீட்டில் வாழ்ந்த ரிச்சர்ட் டவுன்லியின் கதை. கூரைமேல் பன்னிரண்டு அங்குலப் புனல் ஒன்றை வைத்து, ஈயக் குழாயால் தன் அறைப்பக்கம் நீரை இறக்கி, 1677 முதல் ஆண்டுக்கணக்கில் மழையை அளந்து எழுதிவைத்தார். இங்கிலாந்தில் முறையாக மழை அளக்கத் தொடங்கியது அவர்தான். மழைக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் அது நடந்ததில் வியப்பில்லை. நீங்களும் குடை கொண்டுவாருங்கள்.

இரண்டாம் நாளுக்குப் பெண்டில் மலை. 557 மீட்டர் உயரம், பார்லி என்ற கிராமத்திலிருந்து ஏறுவார்கள். 1661-இல் இதே ரிச்சர்ட் டவுன்லியும் ஹென்றி பவர் என்ற மருத்துவரும் பாரமானியைத் தூக்கிக்கொண்டு இந்த மலையேறிக் காற்றின் அழுத்தத்தை அளந்தார்கள். பள்ளியில் நாம் படிக்கும் பாயில் விதியின் கருத்தை ராபர்ட் பாயிலே டவுன்லியின் கருதுகோள் என்று குறிப்பிட்டிருக்கிறார். மலையடிவாரம் வேறொரு கதைக்கும் பெயர்போனது. 1612-இல் இங்கிருந்து சூனியக்காரிகள் என்று பிடித்துச் செல்லப்பட்டவர்கள் லங்காஸ்டரில் விசாரிக்கப்பட்டார்கள். அந்த விசாரணையில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டனர். முக்கியச் சாட்சிகளில் ஒருத்தி சுமார் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் சாட்சி சொன்னது தன் தாய்க்கே எதிராக. கடைகளில் துடைப்பமும் கூம்புத் தொப்பியுமாக விற்பார்கள். ரஃப்லி கிராமத்தில் ஆலிஸ் நட்டருக்கு வைத்திருக்கும் சிலையை ஒருமுறை பாருங்கள், கையில் விலங்கோடு நடந்துபோகும் ஒரு சாதாரணப் பெண். மலையேற்றம் செங்குத்தானது, அம்மாவுக்கு வேண்டாம். அவருக்குப் பதிலாக ஊருக்கு மேலே கிரவுன் பாயின்டில் இருக்கும் ‘சிங்கிங் ரிங்கிங் ட்ரீ’க்குக் காரில் போகலாம். எஃகுக் குழாய்களை அடுக்கி மூன்று மீட்டர் உயரத்துக்கு 2006-இல் அமைத்த மரம் அது. காற்று வீசினால் குழலூதுவதுபோல் முனகும்.

மதியத்தைக் காதார்ப் மாளிகைக்கு ஒதுக்குங்கள். பாடிஹம் என்ற அடுத்த ஊரில், 1600-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. அங்கே ரேச்சல் கே-ஷட்டில்வர்த் என்ற அம்மையார் வாழ்நாளெல்லாம் சேர்த்த துணிகளும் பூவேலைகளும் சரிகைகளும் இருக்கின்றன. தொகுப்பில் 30,000-க்கும் மேற்பட்ட பொருள்கள், இந்தியத் துணிகளும் அவற்றில் உண்டு. ஆலைத்துணி உலகை மூடியிருந்த காலத்தில், கையால் செய்ததன் அழகு அழிந்துவிடக் கூடாது என்று ஆலை வட்டாரத்தின் நடுவிலேயே ஒருவர் உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்.

கார் இருந்தால் வைக்காலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைத்தறி நெசவாளர்கள் நிறைந்திருந்த கிராமம் அது. விசைத்தறி வந்ததும் கோல்னுக்கும் டிராடனுக்கும் ஆட்கள் வேலை தேடிப் போய்விட, வெறிச்சோடியது. இடிந்த மாளிகையும், ஓடையின்மேல் பொதிக்குதிரைகள் கடந்த கற்பாலங்களும், கால்பட்டுத் தேய்ந்த பலகைக்கல்லும் மிஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து மலையைக் கடந்தால் ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவர்த். தெற்கே ஹாஸ்லிங்டனை ஒட்டிய ஹெல்ம்ஷோர் ஆலை அருங்காட்சியகத்தில் நூற்கும் பக்கத்தைக் காணலாம். 1789-இல் எழுந்த கட்டடத்தில் நீர்ச்சக்கரம் இருக்கிறது. கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ஹாஸ்லிங்டன் மைதானத்தையும் பார்த்துவிடலாம். 1952-இல் வினு மன்கட் அந்த மன்றத்தின் ஒப்பந்த ஆட்டக்காரராக இருந்தபோதுதான் இந்திய அணி அவரை லார்ட்ஸுக்கு அழைத்தது. அவர் 72-உம் 184-உம் எடுத்தார்.

கடைசியாக டார்வென். பர்ன்லியிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி, 1931 செப்டம்பர் இறுதியில், அந்நியத் துணி மறியலால் வேலையிழந்தவர்களை நேரில் காண வேண்டும் என்று இங்கே வந்து ஸ்பிரிங் வேலில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார். உங்கள் நாட்டில் முப்பது லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்கள் நாட்டில் முப்பது கோடிப் பேருக்கு ஆண்டில் பாதி நாள் வேலையில்லை என்று எடுத்துச் சொன்னார். கோபத்தோடு வரவேற்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கிரீன்ஃபீல்ட் ஆலை வாசலில் கதராடையில் அவர் நிற்க, சுற்றிலும் ஆலைப் பெண்கள் கையை உயர்த்தி ஆரவாரிக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் 92 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று, இத்தாலியக் கோயில் மணிக்கூண்டின் சாயலில், 1867-இலிருந்து நிற்கிறது. அந்த ஆலையின் பெயர் இந்தியா மில்.

முதல் நாள் காலையில் குயின் ஸ்ட்ரீட் மில், மாலையில் கால்வாயும் டவுன்லியும். இரண்டாம் நாள் பெண்டில் அடிவாரம், காதார்ப், நேரமிருந்தால் வைக்காலர் அல்லது டார்வென் என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு அலைச்சல் இராது. மில்லின் கல்தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். தறி ஓடும்போது காதில் வைக்கப் பஞ்சு எடுத்துவாருங்கள். எஞ்சின் ஓடும் நாள் எது என்பதை முதலில் அருங்காட்சியகத்திடம் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே ரயில் டிக்கெட்டை எடுங்கள்.